மருந்துப் பிரதிநிதிக்கான சர்க்கரை நோய்ப் பாடம்

நம் ஊரில் ‘மெடிக்கல் ரெப்’ என்று அழைக்கப்படும் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு மருத்துவரின் அறைக்குள் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு நிமிடம். மாலைக் கூட்டம் வடிந்து, இரவு ஒன்பதரை மணி அளவில் கம்பவுண்டர் கை காட்டிய பிறகு, ஏழெட்டுப் பேர் வரிசையாக உள்ளே போய் வருவார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்தவரை இரண்டு மூன்று வாரம் உட்கார வைத்துப் பாடம் நடத்துகின்றன. இருமல் மருந்தையும் சத்து மாத்திரையையும் விற்கும் பிரிவுகளில் இந்தப் பயிற்சி சற்று இலகுவாகவே இருக்கும். சர்க்கரை நோய்ப் பிரிவில் அப்படி இருக்க முடியாது. இன்று எழுதப்படும் மாத்திரையை நோயாளி இருபது முப்பது ஆண்டுகள் விழுங்கக்கூடும். அதற்குள் அவருடைய சிறுநீரகம், இதயம், கண், பாதம் என எல்லாமே மாறும். நேற்றுவரை பொருத்தமாக இருந்த மருந்து நாளை ஆகாததாகிவிடும்.

இத்துறைக்கு வர எண்ணும் பட்டதாரிகளுக்கு இந்தப் பயிற்சியில் என்ன கற்பிக்கப்படுகிறது, ஏன் கற்பிக்கப்படுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் வகுப்பில் அமர்ந்தவன், பின்னர் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோயைப் பற்றிய பாடம் முடியும்வரை, குறைந்தது மூன்று நாளைக்கு, நிறுவனத்தின் மருந்துப் பெயரை யாரும் வகுப்பில் உச்சரிக்கக் கூடாது. நடைமுறையில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. முதல் நாள் மதியத்துக்குள் மருந்தின் பெயர், பெட்டியின் நிறம், போட்டி நிறுவனத்தின் விலை ஆகியவை மனப்பாடம் ஆகிவிடுகின்றன. நோய் மட்டும் கடைசிவரை மங்கலாகவே இருக்கிறது.

பெரும்பாலான வகுப்புகள் கணையத்தின் படத்தோடு தொடங்கும். நான் ஒரு கேள்வியோடு தொடங்குவேன். நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விதான்: “ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்தி, அதுக்கப்புறம் பச்சத்தண்ணிகூடக் குடிக்கல; காலையில எப்படி 180?” இதற்கு விடை கல்லீரலில் இருக்கிறது. நாம் உண்ணாத நேரத்திலும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும் என்பதால், கல்லீரல் இரவு முழுவதும் குளுக்கோஸை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின், உணவிலிருந்து வந்த குளுக்கோஸைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்புவதோடு, கல்லீரலின் இந்தக் கொடையையும் அளவோடு கட்டுப்படுத்துகிறது. முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பு அமைப்பே பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இன்சுலின் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அவர்கள் ஊசியின்றி உயிர் வாழ முடியாது. இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கும், ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட அதிகமாகச் சுரந்து சுரந்து பீட்டா செல்களும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கின்றன. ஆகவே கல்லீரலுக்குக் கடிவாளம் தளர்ந்து, ஒன்றும் உண்ணாத இரவிலும் சர்க்கரை ஏறுகிறது. கருவுற்ற காலத்தில் வரும் நீரிழிவு தனிப் பாடம். மகப்பேறு மருத்துவர்களைச் சந்திக்கும் பிரதிநிதிக்கு அது தனியாகவே சொல்லித்தரப்படும்.

அடுத்து எண்கள். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200 அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1சி எனப்படும் ‘மூன்று மாதச் சராசரி’ 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்பவை நீரிழிவை உறுதிசெய்யும் எல்லைகள். வெளிப்படையான அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து உறுதி செய்வதில்லை, மறுபடியும் பார்ப்பார்கள். மூன்று மாதச் சராசரி என்ற பெயருக்குக் காரணம் இருக்கிறது: சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழும், அத்தனை நாளும் அதிலுள்ள ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போகும். அப்படியானால், சிவப்பணுவே சரியில்லாத இடத்தில் இந்தச் சராசரியும் சரியாக இருக்காது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரத்த இழப்புக்குப் பிறகோ சிவப்பணுக்கள் விரைவாக அழியும் நிலையிலோ குறைத்துக் காட்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. எனவே இது பாடப்புத்தகத்து விதிவிலக்காக ஒதுக்கிவிடக் கூடியதல்ல. புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் எதிர்ப்படுவது.

இந்த நோயின் பரப்பைச் சொல்ல, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு போதும்: நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். சென்னைக்கு இத்துறையில் ஒரு தனி இடம் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். சென்னையை மையமாகக் கொண்டு நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நான் வகுப்பில் வேண்டுமென்றே எடுத்து வைப்பதுண்டு. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் உண்டவர்களில் 40.5, இரண்டையும் சேர்த்தவர்களிலும் 39.5தான். மாத்திரை விற்க வந்த இளைஞரிடம் நடைப்பயிற்சி மாத்திரைக்கு நிகராக நின்றதைச் சொல்வது விற்பனை மேலாளர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் மருத்துவருக்கு இது ஏற்கெனவே தெரியும்; தெரியாதவர் போல உள்ளே நுழைவதால் பிரதிநிதிக்கு என்ன மரியாதை கிடைத்துவிடப் போகிறது?

இனி மருந்துகள். கல்லீரலின் கதை மனத்தில் இருந்தால் இந்தப் பகுதி மனப்பாடப் பகுதியாக இருக்காது. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் விடும் குளுக்கோஸைக் குறைக்கிறது. விலை குறைவு, தனியாக உண்டால் தாழ்சர்க்கரை அரிது. வயிற்றுப் பொருமலும் வயிற்றுப்போக்கும் தொடக்கத்தில் வரும் என்பதால் சாப்பாட்டோடு, சிறிய அளவில் ஆரம்பிப்பார்கள். நெடுநாள் உண்பவருக்கு பி12 வைட்டமின் குறையலாம். சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழ் இறங்கினால் கொடுக்கக் கூடாது. இதன் நீடித்த வெளியீட்டு மாத்திரைகளில் ஒரு சங்கதி உண்டு: மருந்து கரைந்து வெளியேறிய பிறகு மேலுறை மட்டும் மலத்தோடு முழு மாத்திரை போலவே வந்து விழும். ‘மாத்திரை அப்படியே வந்துவிட்டது, வேலை செய்யவில்லை’ என்று பயந்துபோகும் நோயாளி மருத்துவரிடம் கேட்பார், மருத்துவர் பிரதிநிதியிடம் ஒரு வார்த்தை கேட்பார். இந்தச் சிறிய விவரம் தெரிந்த பிரதிநிதியை அவர் அடுத்த முறை உட்காரச் சொல்வார்.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியாக்கள் பீட்டா செல்லை உலுக்கி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. மலிவானவை, வேகமானவை, ஆனால் சாப்பாடு தவறினாலும் அவை சுரக்கவைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே முதியவர், சிறுநீரகம் நலிந்தவர், விரதமோ நோன்போ இருப்பவர் ஆகியோரிடம் தாழ்சர்க்கரை அபாயம் அதிகம். பியோகிளிட்டசோன் இன்சுலினின் பேச்சைத் திசுக்கள் கேட்கும்படி செய்வது. உடலில் நீர் தேங்க வைப்பதால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. 2013 ஜூனில் இந்திய அரசு இதன் விற்பனையை நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்துடன் மீண்டும் அனுமதித்தது. சிட்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின்கள் பெரும்பாலும் சாதுவானவை, எடையையும் ஏற்றுவதில்லை. எம்பாகிளிஃபுளோசின் போன்ற ஃபுளோசின்கள் குளுக்கோஸைச் சிறுநீர் வழியாக வெளியே அனுப்புகின்றன. இதை உண்பவரின் சிறுநீரில் சர்க்கரை இருக்கவே செய்யும் என்பதைச் சொல்லித்தரும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சிரிப்பு எழும். பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று இவற்றின் வழக்கமான தொல்லை. அதைச் சொல்லக் கூச்சப்படும் பிரதிநிதி அந்த மருந்தை விற்கத் தகுதியற்றவர் என்பது என் முடிவு. அரிதாக, சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் அபாயமும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாளாவது முன்பே இவற்றை நிறுத்துவது அதனால்தான்.

ஜி.எல்.பி.-1 என்ற குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்துகள் இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகின்றன. பசியைக் குறைக்கும், எடையை இறக்கும், குமட்டலையும் கூடவே கொண்டுவரும். இவற்றில் மாத்திரை வடிவில் வந்த செமாகுளூட்டைடை வெறும் வயிற்றில், அரைத் தம்ளருக்கு மிகாத தண்ணீரில் விழுங்கி, அதன்பின் அரைமணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. எழுந்தவுடன் காபி இல்லாமல் நகராத வீடுகளில் இந்த ஒரு விதியால்தான் மருந்து வீணாகிறது.

என் சொந்த அவமானம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு மூத்த மருத்துவர் எதிரே இருந்த அட்டையைப் பார்த்தபடி, “அறுபது வயசு, கிரியேட்டினின் 2.8. உங்க மாத்திரைய எழுதலாமா தம்பி?” என்று கேட்டார். கிரியேட்டினின் அந்த அளவுக்கு ஏறியிருந்தால் சிறுநீரகம் நன்றாகவே நலிந்துவிட்டது என்று பொருள். விற்பனை இலக்குக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. “தாராளமா எழுதலாம் சார்,” என்றேன். அவர் என் கையிலிருந்த படவிளக்க ஏட்டை வாங்கி, மருந்துப் பெயருக்குக் கீழே எறும்பு வரிசை போல அச்சிடப்பட்டிருந்த வரியில் பேனாவின் முனையை வைத்தார். கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். மூன்று மாதமாக நான் கூவிக்கொண்டிருந்த மாத்திரைக்குள் மெட்ஃபார்மின் இருந்ததை நானே மறந்துபோயிருந்தேன். நம் நாட்டுச் சந்தையில் இரண்டு, மூன்று மருந்துகளை ஒன்றாக அடைத்த கூட்டு மாத்திரைகள் மிகுதி. பிரதிநிதி விற்பது பெட்டியின் பெயரை; நோயாளியின் உடலுக்குள் போவது அதிலுள்ள மூலக்கூறுகள். ஆகவே என் வகுப்பில் ஒவ்வொரு கூட்டு மாத்திரையையும் பிரித்து, அதிலுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக ‘யாருக்கு ஆகாது’ என்று எழுதவைப்பேன்.

இன்சுலின் பாடத்தைச் செய்முறையாகவே நடத்த வேண்டும். 1922 ஜனவரியில் டொரான்டோவில் முதல் நோயாளிக்குப் போடப்பட்ட வரலாறு எல்லா ஏடுகளிலும் இருக்கும். சிரிஞ்சு மூடியின் நிறம் எத்தனை ஏடுகளில் இருக்கிறது? இந்தியாவில் சிரிஞ்சால் இழுத்துப் போடும் குப்பி இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட். நாற்பதுக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, நூறுக்கானது ஆரஞ்சு. இருபது யூனிட் போட வேண்டிய ஒருவர் 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இருபதாம் கோடுவரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. மாறாக, 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால் வருவது 8 யூனிட் மட்டுமே. முதல் தவறு ஆளை மயக்கத்தில் தள்ளும். இரண்டாவது தவறில் சர்க்கரை இறங்காது, மருந்தின் மேல் பழி விழும். வண்ணம் தீட்டிய நீரைக் குப்பிகளில் நிரப்பி, பயிற்சி பெறுபவர்களே இழுத்துப் பார்க்கும்படி செய்தால் இந்தக் கணக்கு மறக்காது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வெளியே வைத்திருக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானையின் ஈரக் குளிர்ச்சி கைகொடுக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி திரண்டு, மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது என்பதும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழ் ஆபத்தான நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண்மண் தெரியாத பசி ஆகியவை முன்னறிவிப்புகள். நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்ப்பது வழக்கம். அகார்போஸ், வோக்ளிபோஸ் உண்பவருக்கு இது நேர்ந்தால் வீட்டுச் சர்க்கரை உடனே உதவாது. அந்த மருந்துகள் குடலில் சர்க்கரை உடைபடுவதையே தாமதப்படுத்துபவை. குளுக்கோஸ் தூள்தான் வேண்டும்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும் பயிற்சி பலருக்கும் கசக்கும், ஆனால் இதில்தான் பிரதிநிதி எளிதில் ஏமாறுகிறார். எம்பாகிளிஃபுளோசின் பற்றி 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். இதயநோயும் இரண்டாம் வகை நீரிழிவும் உள்ள ஏழாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த அந்த ஆய்வில், இதய இரத்தநாள மரணம் 38 சதவீதம் குறைந்தது. விளம்பர ஏட்டில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண்தான். அதே முடிவை வேறு விதமாகவும் சொல்லலாம்: ஆய்வு நடந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 5.9 பேர் அவ்வாறு இறந்தனர். மருந்து உண்டவர்களில் 3.7 பேர். இரண்டும் உண்மை. நல்ல மருந்துதான், பெரிய பயன்தான். ஆனால் மருத்துவர் “நூத்துக்கு எத்தனை பேரு?” என்று கேட்கும்போது 38 என்று பதில் சொல்பவர் ஆய்வைப் படிக்கவில்லை என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். இன்னொன்று: அவர்கள் அனைவரும் ஏற்கெனவே இதய இரத்தநாள நோய் உடையவர்கள். நேற்றுச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இதே எண்ணைச் சொல்ல முடியாது. இந்த மூலக்கூறின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்ததும் பல நிறுவனங்கள் ஒரே நாளில் களமிறங்கின, விலை சரிந்தது. ஒரே மூலக்கூறை விற்க ஒரே வாசலில் பலர் நிற்கும்போது, விலையைத் தவிர ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக்காட்டப் பேச்சின் நம்பகத்தன்மையே மிஞ்சுகிறது.

சட்டப் பகுதியை நிறுவனங்கள் கடைசி நாள் மாலையில் அவசரமாகத் தள்ளிவிடுவது வழக்கம். மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட சீரான விற்பனை நெறிமுறைத் தொகுப்பின்படி மருத்துவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பரிசுப்பொருள் கொடுக்கக் கூடாது. ஒரு மருத்துவருக்கு ஒரு மருந்தில் ஆண்டுக்கு 12 மாதிரிப் பொதிகளே வரம்பு. தகுந்த விளக்கமின்றி ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லையும், விற்பனைக்கு வந்து ஓராண்டு கடந்த மருந்துக்குப் ‘புதியது’ என்ற சொல்லையும் பயன்படுத்தக் கூடாது. நீரிழிவைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இவற்றைவிட அன்றாடம் சோதிப்பது வேறு. தெருவில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால், ‘நம்ம தம்பி மெடிக்கல் ரெப்புதானே’ என்று அக்கம்பக்கத்தார் மாத்திரை கேட்டு வருவார்கள். பையில் மாதிரிப் பொதி இருக்கும், கொடுக்கும் மனமும் இருக்கும். கொடுக்கக் கூடாது. மருந்தை மாற்றச் சொல்லவும் கூடாது. எந்த மருத்துவரிடம் போகலாம் என்பதைத் தாண்டி ஒரு சொல்லும் அதிகம்.

பயிற்சியின் இறுதித் தேர்வில், நான் மருத்துவராக அமர்ந்து ஒவ்வொருவரையும் உள்ளே அழைப்பேன். மருந்தின் பெருமையை ஒருவர் முழுதாகச் சொல்லி முடித்ததும் இரண்டே கேள்விகள். ஒன்று, இதை யாருக்கு எழுதக் கூடாது? மற்றொன்று, “உங்க மாத்திரைய ஆரம்பிச்ச ஒரு அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, என்ன செய்யப்போறீங்க?” முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். இரண்டாவதற்கு, “அது எங்க மருந்தால இருக்காது சார்,” என்று தொடங்குபவரை அங்கேயே நிறுத்திவிடுவேன். அது தம் மருந்தாலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. நோயாளியை அடையாளம் காட்டும் பெயரின் முதலெழுத்தும் வயதும், தகவல் சொன்ன மருத்துவர், சந்தேகப்படும் மருந்து, நடந்த விளைவு ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கும் 24 மணி நேரக் கெடுவுக்குள் மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மருந்துப் பெட்டியிலுள்ள தொகுப்பு எண் (பேட்ச் நம்பர்) கிடைத்தால் அதையும் சேர்க்க வேண்டும். அதற்கான படிவம் பைக்குள் எந்த உறையில் இருக்கிறது என்று கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவரை அழைப்பேன்.